மகள் மிஷனரி ஆவேன் என்கிறாள்: தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த ஃபீனிக்ஸ் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடிக்கப்போகும் மகள் இறையியல் படித்து மிஷனரி ஆகப்போவதாகச் சொல்கிறாள், அதுவும் எந்தச் சபைக்கும் கட்டுப்படாமல். "நாளைக்குச் சோற்றுக்கு என்ன வழி?" என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். பெற்றவள் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் "யார் உன் மனத்தைக் கெடுத்தது?" என்று மட்டும் அவளிடம் கேட்டுவிடாதீர்கள். அவள் பேசுவது புதுப் பேச்சு அல்ல.

மிஷனரி என்றதும் கப்பலேறி வந்த வெள்ளைக்காரரும் அவர் பின்னால் இருந்த வெளிநாட்டுப் பணமும்தான் நமக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால் 1903-லேயே திருநெல்வேலியில் வி. எஸ். அசரியா என்ற தமிழ்க் கிறிஸ்தவ ஊழியரும் அவருடைய தோழர்களும் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். ஆள், பணம், நிர்வாகம் மூன்றும் இந்தியருடையவை. அதே ஆண்டில் தெலுங்கு பாப்டிஸ்ட் சபையார் ஜான் ரங்கையாவை நம் நட்டாலுக்கு அனுப்பினார்கள். இங்கே கியர்ஸ்னி என்ற ஊரில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்த தம் மக்களோடு அவர் சபை கட்டினார். 1910-ல் எடின்பரோ மாநாட்டில் மேலைநாட்டு மிஷனரிகள் முன் நின்று அசரியா பேசினார். அவர்கள் செய்த தியாகத்தை வாயார ஒப்புக்கொண்டுவிட்டு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். உங்கள் மகளின் மனத்தில் ஓடுவது இந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன்: எசமானாக அல்லாமல் தோழியாகப் போவது எப்படி?

சபைச் சம்பளம் இல்லாமல் இறையியல் செய்ய முடியுமா என்றால், முடியும். 1938-ல் தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு கூடிய வேளையில், இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி யோசிக்க வேண்டும் என்று ஒரு குழுவினர் நூல் வெளியிட்டார்கள். அவர்களில் முக்கியமானவர் செஞ்சையா. அவர் போதகர் அல்ல, புதுக்கோட்டை சமஸ்தானத்தில் தலைமை நீதிபதியாக இருந்தவர். சோறு போட்டது சட்டப் படிப்பு. அதனால் மனத்தில் பட்டதை யாருக்கும் அஞ்சாமல் எழுதினார். ஆனால் அவர் தனியாளாகவும் எழுதவில்லை, எதிர்வாதம் செய்யும் நண்பர்கள் சூழ இருந்தார்கள். மகளிடம் இதைக் கேளுங்கள்: "நீ தவறாகப் போனால் உன்னை நிறுத்திக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு?" இதற்கு அவளிடம் பதில் இல்லையென்றால் சுதந்திரம் என்று அவள் சொல்வதை இன்னும் கொஞ்சம் யோசிக்கச் சொல்லுங்கள். இந்த நாட்டில் தானே தொடங்கி, தானே காணிக்கை எண்ணும் ஊழியங்கள் எத்தனை குடும்பங்களைக் கடனில் தள்ளியிருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும்.

இனிப் படிப்பு. ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்கு மேற்படாத குடும்பத்துக்கு அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்எஸ்எஃப்ஏஎஸ் உதவி கிடைக்கும். ஆனால் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் தொழிற்கல்லூரிகளுக்கும் மட்டும், முதல் பட்டத்துக்கு மட்டும். தனியார் வேதாகமக் கல்லூரிக்கு அது கிடையாது. ஆகவே அந்த ஒரே வாய்ப்பை டர்பனில் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் உள்ள நான்காண்டு சமூகப்பணிப் பட்டத்துக்குச் செலவிடுங்கள் என்பதே என் யோசனை. இறையியலைப் பிறகு வேலை பார்த்துக்கொண்டே யூனிசா என்ற தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தில் தபால்வழி படிக்கலாம். இல்லை, இறையியல்தான் முதலில் என்று அவள் உறுதியாக நின்றால் தடுக்காதீர்கள். அதே பல்கலைக்கழகத்தின் பீட்டர்மரிட்ஸ்பர்க் வளாகத்தில் நல்ல துறை இருக்கிறது. அப்போது சூலு மக்களின் மொழியான இசிசூலுவையும் பள்ளியில் கற்பிக்கக்கூடிய இன்னொரு பாடத்தையும் சேர்த்து எடுக்க முடியுமா என்று சேரும் முன்பே விசாரியுங்கள். பிற்பாடு ஆசிரியர் பயிற்சிக்குப் போக அது கதவைத் திறந்து வைக்கும். எந்தத் தனியார் கல்லூரியானாலும் உயர்கல்வித் துறையில் பதிவு உண்டா, பட்டம், கல்வித் தகுதிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான சாக்காவின் பட்டியலில் உண்டா என்று பார்க்காமல் ஒரு ராண்ட் கூடக் கட்டாதீர்கள்.

இசிசூலுவை வேலைக்காக மட்டும் சொல்லவில்லை. ஃபீனிக்ஸுக்கு அடுத்திருப்பது சூலு மக்கள் வாழும் இனாண்டா. வெள்ளைக்கார மிஷன்களுக்குக் கட்டுப்படாத தனிச் சபையை ஐசையா ஷெம்பே என்ற சூலுப் போதகர் வளர்த்தெடுத்த மண் அது. 2021 ஜூலைக் கலவரத்தில் உங்கள் தெருமுனைகளில் தடுப்பு வைத்துக் கறுப்பின மக்களை மறித்ததும், உயிர்கள் போனதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்ப் பெண், சமூகப்பணியாளர், சனிக்கிழமைகளில் இனாண்டாவில் ஒரு பள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மடியில் கோப்பு. பேரப்பிள்ளைக்கான உதவித்தொகைப் படிவத்தை ஒரு சூலுப் பாட்டிக்கு அவர் மொழியிலேயே வரிவரியாக வாசித்துக் காட்டுவார். பாட்டி தலையசைத்த பிறகே கையெழுத்து. அந்தப் பெண்ணும் தன்னை மிஷனரி என்றுதான் சொல்கிறார். மாதச் சம்பளம் வருகிறது, சமூகப்பணியாளராகத் தொழிற்பதிவும் இருக்கிறது.

பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான பொது விண்ணப்பமான சிஏஓ விண்ணப்பத்தில் முதல் விருப்பமாகச் சமூகப்பணியையும் அடுத்ததாக இறையியலையும் எழுதச் சொல்லுங்கள். கடைசித் தேதி வரை காத்திருக்க வேண்டாம். அதற்கு முன், ஒரு சனிக்கிழமை அவளை இனாண்டாவுக்கு அனுப்பிவையுங்கள். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். அந்தப் பெண்ணிடம் நான் சொல்லிவைக்கிறேன்.