காந்தியும் துப்பாக்கியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

டெக்சாஸில் வேலை பார்க்கும் என் தம்பி போன மாதம் துப்பாக்கி வாங்கியிருக்கிறான். ஏன்டா என்று கேட்டால் காந்தி படம் போட்ட ஒரு வாசகத்தை வாட்ஸப்பில் அனுப்புகிறான். ஆங்கில ஆட்சி இந்தியாவுக்குச் செய்த கேடுகளிலேயே மிகக் கறுப்பானது, ஒரு தேசத்திடமிருந்தே ஆயுதத்தைப் பறித்த சட்டம்தான் என்று காந்தி சொன்னாராம். உண்மையா? காந்தியே சொல்லியிருந்தால் நாமும் கேட்பதில் என்ன தவறு?

ரா., கோவை

அன்புள்ள ரா.,

காந்தி எழுதியதுதான். ஆனால் யாரிடம், எதற்காக எழுதினார் என்பதைப் படம் போட்டவர்கள் விட்டுவிட்டார்கள்.

1918, முதல் உலகப்போர் நேரம். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் காந்தி பட்டாளத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். ஆமாம், அதே காந்திதான். அதற்காக அச்சடித்த துண்டறிக்கையில் இந்த வரி வருகிறது. ஆயுதச் சட்டம் ஒழிய வேண்டுமா, ஆயுதம் பழக வேண்டுமா, இதோ நல்ல வாய்ப்பு என்று அடுத்து வருகிறது. ஆள்பிடிக்கும் நோட்டீஸ், அவ்வளவுதான். கேடா மக்கள் மசியவில்லை. அங்கே நடந்த வரிகொடாச் சத்தியாக்கிரகத்தின்போது காசு வாங்காமல் வண்டி கட்டியவர்கள் இப்போது வாடகைக்குக்கூடத் தரவில்லை. சோற்றைப் பையில் கட்டிக்கொண்டு நாளுக்கு இருபது மைல் நடந்ததைத் தன்வரலாற்றில் அவரே சொல்கிறார்.

அந்த 1878 ஆயுதச் சட்டத்தின் மேல் இருந்த கோபம் வேறு. இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், வெள்ளைக்காரனுக்கு வேண்டாம். வலித்தது அந்தப் பாகுபாடு.

சரி, உங்கள் தம்பி பக்கமும் ஒரு சாட்சி இருக்கிறது, மறைக்கக் கூடாது. 1930 ஜனவரியில் காந்தி வைஸ்ராய் இர்வின் முன் வைத்த பதினொரு கோரிக்கைகளில் தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸும் ஒன்று. ஆனால் 'மக்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு' என்று ஒரு வால் உண்டு. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்திலும் ஆயுத உரிமை 'விதிகளுக்கு உட்பட்டு'தான். 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர் எச்.வி. காமத் இதை அடிப்படை உரிமையாக்கக் கேட்டபோது அம்பேத்கர் மறுத்தார். ஆளாளுக்குச் சந்தைக்குப் போய்த் தடையில்லாமல் ஆயுதம் வாங்கினால் அரசு எப்படி நடக்கும் என்பது அவர் கேள்வி. அமெரிக்கர்கள் 1791-லேயே ஆயுத உரிமையை அரசியல் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். நாம் 19-ஆம் பிரிவில் ஆயுதமின்றிக் கூடும் உரிமையை எழுதினோம். என் ஓட்டு அம்பேத்கருக்கு.

அந்த 'உட்பட்டு' எப்படி இருக்கும் என்று சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். காட்டுப்பன்றிக்காகப் பெரியப்பா ஓர் ஒற்றைக்குழல் வைத்திருந்தார். தேர்தல் அறிவித்ததும் அதைக் கோணியில் சுற்றி, பஸ் பிடித்து, ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருவார். ரசீதைப் பஞ்சாங்கத்துக்குள் வைப்பார். எனக்குத் தெரிந்து பன்றி எதுவும் விழுந்ததில்லை, தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்ததுதான் மிச்சம். பெரியம்மா மட்டும் துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கும் நாட்களில்தான் கூடத்தில் எங்களைத் தனியாக விட்டுவிட்டுக் கடைக்குப் போவார்.

தம்பி வீட்டில் குழந்தைகள் உண்டா? அலமாரிக்குப் பூட்டு வாங்கிவிட்டானா என்று கேளுங்கள்.