அறுவடையை ஏன் நிறுத்தச் சொன்னார்கள்?

கேள்வி: மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமைப் பண்ணையில் வேலை செய்யும் என் தம்பி, பட்டப்பகலில் அறுவடையைப் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் என்கிறான். தீ வைக்கத்தானே தடை, அறுப்பதற்கு ஏன்?

பதில்: அறுவடை இயந்திரமே தீ மூட்டிவிடும், அதனால்தான். காய்ந்த தூசும் சக்கையும் சைலன்சர் பக்கம் படிந்து, கனன்று கீழே விழும், தேய்ந்த பேரிங் ஒன்று சூடேறினாலும் போதும், காற்றடிக்கிற நாளில் தாள் நிற்கிற வயல் கண்மூடித் திறப்பதற்குள் பற்றிக்கொள்ளும். அதனால் வெயிலும் காற்றும் மிஞ்சும்போது உள்ளாட்சி நிர்வாகம் அறுவடையையும் வயலுக்குள் வண்டி ஓட்டுவதையும் நிறுத்திவைக்கும். தீ வைப்பதற்கான பருவத் தடை வேறு: கட்டுப்பாட்டுக் காலத்தில் பெர்மிட் வாங்கி எரிக்கலாம், அப்புறம் வரும் தடைக் காலத்தில் அதுவும் கிடையாது. தம்பியிடம் சொல்லுங்கள், காய்ந்த புல்மேல் காரை நிறுத்தவே கூடாது.