காற்றும் வெயிலும் நம் உடம்பும்: கேள்வி பதில்

வணக்கம். பொது சுகாதாரப் பணியில் இருக்கும் மருத்துவர் நான். மூச்சு நோய்களும் வெப்ப நோய்களும்தான் அதிகம் பார்க்கிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன். மருந்தைக் கூட்டுவதோ குறைப்பதோ உங்களைப் பார்க்கும் மருத்துவரைக் கேட்டபிறகே இருக்கட்டும்.

டாக்டர், நாங்கள் எண்ணூர் பக்கம். பையனுக்கு ஏழு வயது. மார்கழி, தை வந்தால் விடிகாலையில் இளைப்பு அதிகமாகிறது. பனிதான் காரணம் என்கிறார் மாமியார். இன்ஹேலர் பழகிவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

அம்மா, மாமியார் சொல்வதில் பாதி சரி. குளிர்ந்த காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும். ஆனால் அந்த மாதங்களில் இன்னொன்றும் நடக்கிறது. இரவில் தரை வேகமாகக் குளிர்வதால் தரையை ஒட்டிய காற்று கனத்துப்போய்க் கீழேயே தேங்கிவிடும். அனல் மின் நிலையப் புகை, மணலி ஆலைகளின் புகை, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் புகை எல்லாம் மேலே போக வழியில்லாமல் நாம் மூச்சுவிடும் உயரத்திலேயே நிற்கும். வெயில் ஏறிய பிறகுதான் அது கலையும். அதனால் இந்த இரண்டு மாதம் விடிகாலை ஓட்டப் பயிற்சி வேண்டாம். விளையாட்டை மாலைக்கு மாற்றுங்கள்.

இன்ஹேலர் பழக்கமாகாது. அதில் இருக்கும் மருந்தை மைக்ரோகிராமில்தான் அளக்கிறோம். மாத்திரையாகவோ சிரப்பாகவோ கொடுத்தால் அதைவிடப் பல மடங்கு மருந்து உடம்பு முழுக்கப் போகும். ஸ்பேசர் (இன்ஹேலரின் முன்னால் மாட்டும் குழல்) வைத்துக் கொடுங்கள், பிறகு வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள். இளைப்பு நின்றுவிட்டது என்று தடுப்பு இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த மாதமே நெஞ்சு கட்டிக்கொண்டு அவசர சிகிச்சைக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் அப்படி நிறுத்தியவர்கள்தான்.

ஆசிரியை, சென்னை: செல்போனில் காற்றுத் தரக் குறியீடு 95, 'திருப்திகரம்' என்று காட்டினால் குழந்தைகளை மைதானத்தில் விடலாம்தானே?

விடலாம். ஆனால் 'திருப்திகரம்' என்பதற்கு என்ன பொருள் என்று தெரிந்துகொண்டு விடுங்கள். அந்தக் குறியீட்டைக் கணக்கிடப் பார்க்கும் மாசுகளில் ஒன்று பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய நுண்துகள். மூக்கிலும் தொண்டையிலும் நிற்காமல் நுரையீரலின் அடிவரை போகும், அதில் ஒரு பகுதி ரத்தத்திலும் கலக்கும். நம் நாட்டுக் குறியீட்டில் ஒரு கனமீட்டர் காற்றில் இந்தத் துகள் 60 மைக்ரோகிராம் வரை 'திருப்திகரம்'. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன 24 மணி நேர வரம்போ 15 மைக்ரோகிராம்தான். ஆண்டுச் சராசரியில் இடைவெளி இன்னும் பெரிது: அவர்கள் வரம்பு 5, நம் தேசிய வரம்பு 40. நம் வரம்பு 2009-ல் போட்டது. அதை இறுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று, கண்காணிப்பு நிலையம் ஆலந்தூரில் இருந்து, உங்கள் பள்ளி ஒரு லாரி சாலையை ஒட்டி இருந்தால், அந்த எண் உங்கள் மைதானத்தின் எண் அல்ல. கண்ணையும் மூக்கையும் நம்புங்கள். இளைப்பு இருக்கும் பிள்ளைகள் யார் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் இன்ஹேலர் பையிலேயே இருக்கட்டும்.

பொறியியல் மாணவன்: காற்று மாசு உள்ளூர்ப் பிரச்சினை, காலநிலை மாற்றம் உலகப் பிரச்சினை. இரண்டையும் ஏன் சார் ஒன்றாகப் பேசுகிறீர்கள்?

தம்பி, இரண்டுக்கும் பெரும்பாலும் அடுப்பு ஒன்றுதான். நிலக்கரி, டீசல், பெட்ரோல் எரியும்போது கார்பன் டை ஆக்சைடும் வருகிறது, நுண்துகளும் வருகிறது. ஒன்று வானில் நூற்றாண்டுகள் தங்கிப் பூமியைச் சூடாக்குகிறது. மற்றது சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் விழுந்துவிடும், அதற்குள் நம் நெஞ்சுக்குள் போய்விடும். வெப்பம் கூடினால் மாசும் கூடுகிறது. வாகனப் புகையில் இருக்கும் வாயுக்கள் கடும் வெயிலில் வினைபுரிந்து தரைமட்ட ஓசோனாக மாறும். அது நுரையீரலைப் புண்ணாக்கும்.

இதில் நல்ல செய்தியும் இருக்கிறது. நுண்துகள் சீக்கிரம் விழுந்துவிடுவதால் எரிப்பதைக் குறைத்தால் பலனும் சீக்கிரம் தெரியும். அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் ஓர் எஃகு ஆலை 1986 ஆகஸ்டிலிருந்து ஓர் ஆண்டுக்கு மேல் மூடிக் கிடந்தது, தொழிலாளர் தகராறில். ஆலை ஓடிய குளிர்காலங்களில் மூச்சுக்குழல் அழற்சி, ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்த குழந்தைகளின் எண்ணிக்கை, மூடியிருந்த குளிர்காலத்தைவிட இரண்டு மூன்று மடங்கு இருந்தது. அதே ஊர், அதே குழந்தைகள், அதே குளிர். பெய்ஜிங்கில் 2008 ஒலிம்பிக்குக்காக ஆலைகளையும் வாகனங்களையும் கட்டுப்படுத்தினார்கள். அப்போது எட்டாம் மாதத்தில் இருந்த தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகள், முந்தைய, பிந்தைய ஆண்டுகளில் அதே நாள்களில் பிறந்தவற்றைவிடச் சராசரியாக 23 கிராம் எடை கூடுதல். 23 கிராம் சிறிதாகத் தோன்றலாம். ஒரு நகரத்தின் எல்லாக் குழந்தைகளுக்கும் அது கூடியது என்றால் சிறிதல்ல.

ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். கந்தகத்திலிருந்து உண்டாகும் சில துகள்கள் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிப் பூமியைக் கொஞ்சம் குளிர்விக்கின்றன. புகையை மட்டும் வடிகட்டிவிட்டு நிலக்கரியை எரித்துக்கொண்டே இருந்தால் அந்தத் திரை விலகி வெப்பம் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். அதனால்தான் வடிகட்டியோடு நிற்காமல் எரிப்பதையே குறைக்கச் சொல்கிறோம்.

உப்பளத் தொழிலாளி, வேதாரண்யம்: வேலைக்குப் போனால் நீர்க்கடுப்பு, இடுப்புவலி. அங்கே கழிப்பறை இல்லாததால் நாங்கள் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீரகம் கெட்டுவிடும் என்கிறார்கள், உண்மையா ஐயா?

உண்மைதான் அம்மா. இதை நீங்கள் எழுதியதற்கு நன்றி. பலர் வெளியே சொல்வதில்லை.

வெயிலில் உடல் உழைப்பு செய்யும்போது வியர்வையாக நீர் போகிறது. ரத்தத்தில் கணிசமான பங்கு உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்குத் திரும்புகிறது. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. ஒருநாள் என்றால் மறுநாள் சரியாகிவிடும். வருடக்கணக்கில் தினமும் நடந்தால் நிரந்தரப் பாதிப்பாக மாறும். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாத விவசாயக் கூலிகளுக்குச் சிறுநீரகம் செயலிழப்பதை எல் சால்வடார், நிகராகுவா கரும்புத் தோட்டங்களிலும் மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். அதற்கு வெப்ப உழைப்பும் முக்கியக் காரணம் என்று கருதுகிறார்கள். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பரிசோதித்தபோது, பெரும்பாலானவர்கள் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்வதும், சிலருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருப்பதும் தெரிந்தது. உப்புத் தரையிலிருந்து மேலே அடிக்கும் வெளிச்சமும் வெப்பமும் வேறு.

செய்ய வேண்டியவை: வேலைக்குக் கிளம்பும் முன்பே ஒரு சொம்பு தண்ணீர். பிறகு தாகம் வருவதற்குக் காத்திருக்காமல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர். நீராகாரம், உப்பு போட்ட மோர் நல்லது. வியர்வை ஊற்றும் நாளில் ஓஆர்எஸ். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். நீர்க்கடுப்புக்குக் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது அதுவே சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனையும் சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டேன், ஆனால் கழிப்பறை இல்லாத இடத்தில் 'தண்ணீர் குடி' என்பது பாதி மருத்துவம்தான். நிழற்கூரையும் பெண்களுக்குக் கழிப்பறையும் அமைத்துத் தருவது வேலை கொடுப்பவரின் கடமை. ஊராட்சியிலும் தொழிலாளர் துறையிலும் கூட்டாக மனு கொடுங்கள். தனி ஆளாகக் கொடுத்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் எனக்குத் தெரியும்.

கடை ஊழியர், மதுரை: மனைவி மூன்று மாத கர்ப்பம், செங்கல் சூளையில் வேலை. போகலாமா?

வெப்பம் குறைந்த வேலைக்கு மாற முடிந்தால் உடனே மாற்றுங்கள். தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் சுமார் இரண்டு மடங்கு என்று தெரிந்தது. சூளையில் வெயிலோடு அடுப்பின் அனலும் புகையும் சேர்கிறது. வேலையை நிறுத்தவே முடியாது என்றால் விடிகாலை நேரம் மட்டும், நிழலில், சுமை தூக்காத வேலையாக இருக்கட்டும். அடுத்த பரிசோதனையில் கிராம சுகாதார செவிலியரிடம் வேலை விவரத்தைக் கட்டாயம் சொல்லுங்கள்.

துணி மாஸ்க் போதுமா?

நுண்துகளுக்குப் போதாது. என்95 முகத்தோடு இடைவெளியில்லாமல் பொருந்தினால் பெரும்பகுதியைத் தடுக்கும். தாடி இருந்தால் பொருந்தாது.

கொசுவால் டெங்கு, சுருளால் புகை. எதைத் தேர்ந்தெடுப்பது?

இரண்டையும் தவிர்க்கலாம். மூடிய அறையில் ஒரு கொசுச் சுருள் எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. கொசுவலைதான் என் பதில். டெங்கு கொசு பகலில் கடிக்கும் என்பதால் கைக்குழந்தையைப் பகலிலும் வலைக்குள் தூங்க வையுங்கள்.

வெப்பத்துக்கும் டெங்குவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஏடிஸ் கொசு ரத்தத்தோடு வைரஸை உறிஞ்சிய பிறகு, அது கொசுவின் உடம்பில் முதிர்ந்து எச்சிலுக்கு வர 25 டிகிரியில் ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். 30 டிகிரியில் ஒரு வாரம் போதும். கொசுவின் ஆயுளே சில வாரம்தான், அதனால் அந்த ஒரு வாரம் மிச்சமாவது நோய் பரவலை வெகுவாகக் கூட்டும். வாரம் ஒருமுறை தொட்டி, டிரம், ஃபிரிட்ஜின் பின்தட்டு எல்லாவற்றையும் தேய்த்துக் காயவிடுங்கள். முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது.

அப்பாவுக்கு 74 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. இரவிலும் உள்ளே அனல். ஏசி வாங்க வசதியில்லை.

இரவு வெப்பத்தை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். பகலில் பட்ட சூட்டிலிருந்து உடம்பு மீள்வதே இரவில்தான். அது கிடைக்காவிட்டால் மூன்றாவது நான்காவது நாளில் முதியவர்களின் இதயம் தடுமாறும். நம் கடற்கரை ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை காயாது, உடம்பு குளிராது. 37 டிகிரியே 42 போல வாட்டும்.

கூரைக்கு மேலே வெள்ளைச் சுண்ணாம்போ வெப்பத்தைத் திருப்பும் பெயின்டோ அடியுங்கள். செலவு குறைவு, பலன் நிச்சயம். அறை 40 டிகிரிக்குக் கீழே இருக்கும்வரை மின்விசிறி உதவும். அதற்கு மேல் அது சூட்டைத்தான் உடம்பில் அடிக்கும். ஈரத்துணியால் கழுத்து, அக்குள், கைகால்களைத் துடைத்துவிட்டு விசிறியின் கீழ் உட்காரச் சொல்லுங்கள். நீர் பிரிய வைக்கும் மாத்திரை இருந்தால் கோடைக்கு அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பேச்சு குழறினாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் உளறினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ வெப்பத்தாக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்பதில்லை. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

வார்டு உறுப்பினர்: எங்கள் அளவில் என்ன செய்ய முடியும்?

நிறைய. அகமதாபாத்தில் 2010 மே மாதம் மட்டும் வழக்கத்தைவிட 1,344 மரணங்கள் கூடுதலாக நடந்தன. அதன் பிறகு 2013-ல் அந்த மாநகராட்சி வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தது. முன்னறிவிப்பு, குடிநீர் மையங்கள், மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி என்று பெரிய இயந்திரம் எதுவும் இல்லாத திட்டம். ஆண்டுக்குச் சராசரியாக 1,190 மரணங்களை அது தவிர்த்ததாகப் பின்னர் வந்த ஆய்வு கணக்கிட்டது. தமிழ்நாடு அரசும் 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. ஆனால் வெயிலில் இறந்தவரை 'மாரடைப்பு' என்று எழுதிவிட்டால் அந்தப் பணமும் வராது, கணக்கிலும் ஏறாது. உங்கள் வார்டில் அப்படி ஒரு மரணம் நடந்தால், எங்கே, எத்தனை மணிக்கு, என்ன வேலையில் இருந்தார் என்பதை மருத்துவரிடம் சொல்ல ஒருவரை அனுப்புங்கள்.

தனியாக வாழும் முதியவர்களின் பட்டியல் ஒன்று தயாரியுங்கள், சித்திரை வெயிலுக்கு முன்பே. பேருந்து நிறுத்தங்களில் நிழல் இருக்கிறதா என்று மதியம் 2 மணிக்கு நடந்து பாருங்கள். தெருவில் குப்பை எரிப்பதைத் திடக்கழிவு விதிகளே தடை செய்திருக்கின்றன. சென்னை என்றால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் புகார் சொல்லலாம். எரிப்பவர் பெரும்பாலும் குப்பை வண்டி வராததால் எரிக்கும் தூய்மைப் பணியாளர்தான். அபராதத்துக்கு முன் வண்டியை ஒழுங்காக வர வையுங்கள்.