வலிக்கிற இடத்தோடு வேலையையும் காட்டுங்கள்

பாளையங்கோட்டையில் பிசியோதெரபி பார்த்து வருகிறேன். இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ஆதங்கம்தான்: "வலிக்குதுன்னு போனா குனி, நிமிரு, படி ஏறுன்னு பார்த்துக்கிட்டே இருக்காங்க. கரண்ட் வைக்க மாட்டேங்கிறாங்க." கரண்ட் என்றால் வலிக்கிற இடத்தில் லேசாக மின்சாரம் பாய்ச்சும் சிகிச்சை. சரி, அப்படிப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று, வந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து, இந்த முறை கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். வயது 38. பதினைந்து வருஷமாகப் பீடி சுற்றுகிறேன். கழுத்திலிருந்து வலது தோள்பட்டை வரை கடுக்கிறது. எக்ஸ்ரேயில் தேய்மானம் என்றார்கள். காலர் போட்டால் குறைகிறது, கழற்றினால் திரும்பி வருகிறது. தொழிலை விடச் சொல்கிறார்கள். எப்படி விடுவது?

விட வேண்டாம் அக்கா. வாரக் கூலியில் வீடு ஓடுகிறவரிடம் அதைச் சொல்ல எனக்கு மனசு வராது. பெரும்பாலும் அதற்குத் தேவையும் இருக்காது.

பிசியோதெரபிஸ்டைப் பார்க்கப் போகும்போது சுளகு, கத்தரிக்கோல், கொஞ்சம் இலை, நூல் எல்லாம் எடுத்துப் போங்கள். நாற்காலியில் உட்காரவைத்துக் கழுத்தைத் திருப்பினால் தெரியாத விஷயம், தரையில் உட்கார்ந்து பத்துப் பீடி சுற்றினால் தெரிந்துவிடும். சுளகு மடியில் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, தலை எவ்வளவு தூரம் முன்னால் போகிறது, நூல் கட்டும் நேரத்தில் வலது தோள் காதுப் பக்கம் ஏறுகிறதா, முழங்கை தொடையில் தாங்கியிருக்கிறதா, அந்தரத்தில் நிற்கிறதா என்றெல்லாம் பார்ப்பேன். வலி முதல் கட்டிலேயே வருகிறதா, பத்துக் கட்டு தாண்டி வருகிறதா என்பதும் முக்கியம்.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. வலியெடுக்கும் பக்கம் கழுத்தைத் திருப்பச் சொல்லி, எதுவரை போகிறது என்று பார்த்துக்கொள்வேன். பிறகு பின்னால் நின்று, இரண்டு முழங்கைகளையும் என் கையில் ஏந்தி, தோள்களைச் சற்றுத் தூக்கிப் பிடித்தபடி மறுபடியும் திருப்பச் சொல்வேன். இப்போது கழுத்து தாராளமாகத் திரும்பி வலியும் குறைந்தால், பாதி விஷயம் பிடிபட்டது. கழுத்தெலும்பில் தொடங்கித் தோள்பட்டை எலும்பில் முடியும் தசைகள் உண்டு. கையின் பாரமெல்லாம் அவற்றில் தொங்கும்போது கழுத்து இழுபடுகிறது. பாரத்தை நான் வாங்கிக்கொண்டதும் கழுத்துக்கு விடுதலை.

அப்படியென்றால் வழி கைக்குத் தாங்கல் கொடுப்பதில்தான் இருக்கிறது. மடியில் தலையணை வைத்து அதன்மேல் சுளகை வையுங்கள். முதுகைச் சுவரோடு சேர்த்து உட்காருங்கள். இரண்டு கட்டுக்கு ஒரு தடவை எழுந்து, இரண்டு கையையும் சுவரில் வைத்து மேலே தேய்த்து ஏற்றி, உச்சியில் தோளைக் காதுப் பக்கம் உயர்த்தி இறக்குங்கள். பத்து முறை போதும். காலரை நாள் கணக்கில் போட்டால் கழுத்துத் தசை தளர்ந்துபோகும். மெல்ல விட்டுவிடுங்கள். விரல் மரத்துப்போவது, பிடி நழுவுவது, நடை தடுமாறுவது இருந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

கரண்ட் வைத்தால் சுகமாக இருக்கிறது. ஏன் வைக்க மாட்டேன் என்கிறார்கள்?

சுகம் உண்மைதான். தப்பும் இல்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்று நானே பார்த்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், பத்தமடையிலிருந்து பாய் நெய்கிற ஓர் அம்மா இடுப்பு வலிக்கு வந்தார். மூன்று வாரம் சூடும் கரண்டும் கொடுத்தேன். வந்து போகிற அன்றைக்கு நிம்மதி, மறுநாள் பழைய வலி. ஒரு நாள் அவர் தறியைப் போய்ப் பார்த்தேன். தரையோடு தரையாக இருக்கும் தறி. கோரையைக் கோத்து அச்சை இழுத்து நெருக்குவார். ஒவ்வொரு இழுப்பிலும் அவர் இடுப்பு ஒரே பக்கம் திருகிக்கொண்டிருந்தது. அதை நான் முதல் நாளே செய்து காட்டச் சொல்லியிருக்க வேண்டும். அந்த அம்மாவின் மூன்று வாரப் பஸ் காசும் நெசவும் போனதை நினைத்தால் இன்றைக்கும் உறுத்துகிறது.

சேரன்மகாதேவி. விவசாயம், வயது 45. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு) பிதுங்கியிருக்கிறதாம். இடுப்பிலிருந்து இடது கால் வரை வலி. பிசியோதெரபியில் திரும்பத் திரும்பப் பின்னால் வளையச் சொன்னார்கள். கால் வலி குறைந்து, இடுப்பு வலி கூடிவிட்டது. கெடுதலா?

அண்ணாச்சி, அது நல்ல அடையாளம். பாதத்திலிருந்த வலி கெண்டைக்கால், தொடை என்று ஏறி இடுப்புக்கு வந்து ஒடுங்கினால், அந்தத் திசை உங்களுக்கு ஒத்துவருகிறது என்று அர்த்தம். இடுப்பில் கொஞ்ச நாள் கூடத் தெரிந்தாலும் பயப்படாதீர்கள். வலி கீழே இறங்கினால்தான் உடனே நிறுத்த வேண்டும்.

நியூசிலாந்து பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கென்சி 1956இல் இதைத் தற்செயலாகக் கவனித்தார். கால் வலியோடு வந்த ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தியிருந்த கட்டிலில் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னால் வளைந்தபடி சில நிமிஷம் கிடந்தவர், கால் வலி போய்விட்டது என்றாராம். அதிலிருந்து வளர்ந்த முறையைத்தான் உங்களுக்குச் செய்திருக்கிறார்கள். எல்லாருக்கும் பின்னால் வளைவதே ஒத்துவராது. சிலருக்கு முன்னால் குனிந்தால்தான் குறையும். செய்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

படத்தைப் பார்த்து மனசு ஒடிய வேண்டாம். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம், எண்பது வயதில் 84 சதவீதம். உங்கள் வலிக்குப் பிதுக்கம் காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதனால் குனிகிற விதத்தையும் பார்க்க வேண்டும். மண்வெட்டி பிடித்து வெட்டிக் காட்டுங்கள். தொடையும் இடுப்பும் சேரும் இடத்தில் மடிகிறீர்களா, அது அசையாமல் முதுகை மட்டும் வளைக்கிறீர்களா என்று பார்த்தால், அடுத்த வரப்பை எப்படி வெட்டலாம் என்று சொல்லிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. சிறுநீர், மலம் அடைத்துக்கொள்வது அல்லது அடக்க முடியாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, கால் தொய்ந்து விழுவது, இதில் எது வந்தாலும் உடற்பயிற்சி, பிசியோதெரபி எதற்கும் காத்திருக்காமல் நேரே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

அம்பாசமுத்திரம். வயது 62. படி இறங்கினால் முட்டி வலி. தரையில் உட்காரவே கூடாது என்கிறார்கள்.

ஒருநாளும் கூடாது என்று சொல்ல மாட்டேன் அம்மா. முதலில் உங்கள் பலத்தைப் பார்ப்போம். கையைக் குறுக்கே மார்பில் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது? உங்கள் வயதுப் பெண்களுக்கு 12க்குக் கீழே வந்தால் கால் பலம் குறைவு. அடுத்து, ஒரே படியில் மெல்ல இறங்கச் சொல்லி முன்னாலிருந்து பார்ப்பேன். முட்டி உள்பக்கம் சாய்ந்து, இடுப்பும் ஒரு பக்கம் தாழ்ந்தால் பயிற்சி முட்டிக்கு மட்டும் போதாது, இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்கும் வேண்டும். முட்டியை நேராகப் பிடித்து இறங்கும்போது வலி குறைகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். பலம் ஏற ஏற, முதலில் உயரமான மணை, பிறகு தாழ்ந்த மணை, அப்புறம் தரை.

அல்வா கிண்டுகிறேன். சுகரும் உண்டு. வலது கை மேலே போகவில்லை.

முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். நீங்களும் திருப்ப முடியாமல், அடுத்தவர் திருப்பினாலும் போகாமல் இருந்தால், தோள் மூட்டின் உறை இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். சுகர் உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வரும். கட்டாயப்படுத்தி இழுக்க விடாதீர்கள். மாறாக, கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது நடுவழியில் மட்டும் வலித்து, உச்சிக்குப் போனதும் விட்டுவிட்டால், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணில் பிரச்சினை இருக்கலாம். அதற்கு நீங்கள் துடுப்பால் அல்வா கிண்டும் விதத்தைப் பார்க்க வேண்டும். தோளை மட்டும் சுழற்றாமல் காலும் இடுப்பும் சேர்ந்து திரும்பட்டும்.

ஒரு தோள் தாழ்ந்திருக்கிறது என்று ஜிம்மில் சொன்னார்கள். வலி எதுவும் இல்லை.

விட்டுவிடுங்கள் தம்பி. யாருக்கும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. வலியோ முடியாமையோ இருக்கும்போதுதான் அசைவில் உள்ள மாற்றத்துக்கு அர்த்தம் தேட வேண்டும்.

மகன் வெளியூரில், கூட்டிவர ஆள் இல்லை. நான் நடக்கிற வீடியோ அனுப்பினால் போதுமா?

ஆரம்பத்துக்கு உதவும். முழு உடம்பும் தெரியும்படி முன்னாலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று எடுங்கள். வெறுங்காலில் ஒரு தடவை, செருப்போடு ஒரு தடவை நடங்கள். உட்கார்ந்து எழுவதையும் எடுங்கள். ஆனால் வலிக்கும்போது கையால் தாங்கி, ஒன்றை மாற்றி, மறுபடி அசைத்துப் பார்ப்பது வீடியோவில் நடக்காது. ஒரு தடவையாவது நேரில் வாருங்கள். தினமும் போடுகிற செருப்பையே போட்டு வாருங்கள், புதுசு வேண்டாம்.