போலீஸ் அதிகாரி வேலையை விட்ட கையோடு தேர்தலில் நிற்க முடியுமா?

தாராளமாக நிற்கலாம். பணியில் இருக்கும்வரைதான் கட்டுப்பாடு. அதுவரை கட்சி உறுப்பினராகக்கூட இருக்கக் கூடாது. ராஜினாமாவோ விருப்ப ஓய்வோ ஏற்கப்பட்டுவிட்டால், அப்புறம் காத்திருப்புக் காலம் என்று எதுவும் இல்லை. ஓய்வுபெற்ற ஐபிஎஸ் அதிகாரி ஓராண்டுக்குள் தனியார் நிறுவனத்தில் சேர அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். கட்சியில் சேர அது வேண்டாம். வேடிக்கைதான்!

அசீம் அருணைப் பாருங்கள். 2022 ஜனவரி தொடக்கத்தில் அவர் கான்பூர் போலீஸ் கமிஷனர். அதே மாதம் விருப்ப ஓய்வு பெற்று பாஜகவில் சேர்ந்தார். மார்ச்சில் கன்னோஜ் எம்எல்ஏ, கூடவே உத்தரப் பிரதேச அமைச்சர் பதவி. சட்டப்படி இதில் தவறில்லை. ஆனால் இவ்வளவு குறுகிய இடைவெளி என்றால், அதிகாரியாக இருந்தபோது எடுத்த முடிவுகளை எதிர்த்தரப்பு சந்தேகத்தோடு திரும்பிப் பார்க்கத்தானே செய்யும்? ஓராண்டு இடைவெளியாவது கட்டாயமாக்கலாம் என்பது என் கருத்து.

காக்கிச் சட்டையில் கிடைத்த பெயர் அப்படியே ஓட்டாக மாறிவிடும் என்றும் சொல்ல முடியாது. கிரண் பேடி 2015இல் டெல்லி கிருஷ்ணா நகரில் தோற்றார். அண்ணாமலை 2021இல் அரவக்குறிச்சியிலும் 2024இல் கோவையிலும் தோற்றார். மறுபக்கம், மகாராஷ்டிரத்தில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்த சுஷில்குமார் ஷிண்டே 2012இல் மத்திய உள்துறை அமைச்சரே ஆனார்.