பிஎச்பியில் வினவல் முடிவை ஏன் லூப் போட்டு எடுக்க வேண்டும்?

தரவுத்தளத்தில் தேயிலைக் கொழுந்துக் கணக்கு அட்டவணையில் 40 பேர் இருந்தும் பக்கத்தில் ஒரே ஒரு பெயர்தான் வருகிறது என்றால், பெரும்பாலும் லூப், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல் பகுதி, விடுபட்டிருக்கும்.

பிஎச்பியைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் மைஎஸ்கியூஎல்ஐ வழியாக வினவலை, அதாவது தரவு கேட்கும் கட்டளையை, அனுப்பினால் கையில் கிடைப்பது நேரடிப் பெயர்ப் பட்டியல் அல்ல. அது ஒரு முடிவுத் தொகுதி. அடுத்து எந்த நிரை என்று காட்டும் சுட்டியும் அதற்குள் உண்டு. 'ஃபெட்ச் அசோக்' (fetch_assoc) செயற்கூற்றை ஒருமுறை அழைத்தால் ஒரு நிரை வரும், சுட்டி ஒரு படி நகரும். நிரைகள் தீர்ந்ததும் 'நல்' என்ற வெற்று மதிப்பு வரும். வைல் லூப் அங்கே நின்றுவிடும்.

தேயிலைத் தோட்டத்து மடுவத்தில், அதாவது நிறுவைக் கொட்டகையில், கொழுந்து நிறுப்பதும் இப்படித்தான். முன்னால் நிற்பவரின் சாக்கு தராசில் ஏறும், கணக்கப்பிள்ளை கிலோவை எழுதுவார், பிறகுதான் அடுத்தவர். நிறுத்துவிட்டுப் போனவர் தானாக வரிசைக்குத் திரும்ப மாட்டார்.

அதனால்தான் சோதித்துப் பார்க்க லூப்புக்கு முன்பே ஒருமுறை ஃபெட்ச் செய்தால் 39 பேர்தான் தெரிவார்கள். இது கண்ணில் படாத பிழை, கவனமாகத் தேடுங்கள். அதே முடிவை இரண்டாவது லூப்பில் ஓட்டினால் ஒன்றுமே வராது. 'டேட்டா சீக்' மூலம் சுட்டியை 0க்குக் கொண்டுபோக வேண்டும். வைல் அடைப்புக்குள் மாறிக்கு நிரையைப் போட ஒற்றைச் சமக்குறிதான், இரட்டை அல்ல.

லூப் சுற்றும் ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்துக்குப் புது வினவல் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். வினவல் ஓடுவது ஒரே ஒரு முறைதான்.