கேள்வி–பதில்: பாதித்த சிறுநீரகமும் ஆக்சிஜன் பார்க்கும் எம்.ஆர்.ஐ.யும்

? சிறுநீரகத்துக்குத்தான் ஏகப்பட்ட ரத்தம் போகிறதே, அங்கே எப்படி ஆக்சிஜன் பற்றாக்குறை வரும்? வயிற்றுப்போக்கோடு அட்மிட் ஆன என் அண்ணனுக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறியபோது டாக்டர் அப்படித்தான் சொன்னார்.
– வாசகி, திருச்சி

இதயம் தள்ளும் ரத்தத்தில் 20 முதல் 25 சதவீதம் இரண்டு சிறுநீரகங்களுக்குப் போவது உண்மை. ஆனால் அதில் பெரும்பங்கு கார்டெக்ஸ் எனும் வெளிப்பகுதியோடு நின்றுவிடுகிறது. மெடுல்லா எனும் உட்பகுதிக்கு இறங்குவது சொற்பம். அங்கே இறங்கும் ரத்தக்குழாயும் ஏறும் குழாயும் ஒட்டி ஒட்டியே ஓடுவதால், ஆக்சிஜன் ஆழம் போய்ச் சேருமுன் பக்கத்துக் குழாய்க்குத் தாவி வெளியேறிவிடும். போதாக்குறைக்கு, சிறுநீர் உருவாகும் நுண்குழாயின் வளைவான ஹென்லே வளையத்தின் தடித்த பகுதி அதே இடத்தில் உப்பைத் திரும்ப இழுக்க ஆக்சிஜனைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் நல்ல உடம்பிலேயே கார்டெக்ஸில் ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 50 மி.மீ. பாதரசம் என்றால், மெடுல்லாவில் 10 முதல் 20 வரைதான். உடம்பில் நீர் வற்றி ரத்த அழுத்தம் இறங்கினால் முதல் அடி அங்கேதான் விழும்.

? ஊசி எதுவும் போடாமல் எம்.ஆர்.ஐ. எப்படி ஆக்சிஜனைக் கண்டுபிடிக்கிறது?
– வாசகர், மதுரை

ஆக்சிஜனை அது பார்ப்பதில்லை. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினைத்தான் பார்க்கிறது. அந்த ஹீமோகுளோபின் காந்தத்தால் லேசாக ஈர்க்கப்படும், ஆக்சிஜன் ஏறியது அப்படியில்லை. 1936-ல் வேதியியலாளர்கள் பாலிங்கும் கோரியெலும் இதைக் காட்டினார்கள். 1990-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஒகாவா குழு இதை வைத்து மூளையைப் படமெடுத்தது. 1996-ல் பாஸ்டனில் பிரசாத், எடெல்மன், எப்ஸ்டைன் ஆகியோர் மனிதச் சிறுநீரகத்துக்குக் கொண்டுவந்தார்கள். 'போல்ட்' எம்.ஆர்.ஐ. என்பது இதுதான். ஆக்சிஜன் இழந்த ரத்தம் கூடக்கூட சிக்னல் வேகமாகத் தேயும். தேயும் வேகத்தின் பெயர் ஆர்2 ஸ்டார், அலகு 'ஒரு நொடிக்கு'.

? எங்கள் துறையில் 3 டெஸ்லா (காந்த வலிமையின் அலகு) எம்.ஆர்.ஐ. இயந்திரம் இருக்கிறது. சிறுநீரகப் போல்ட் எடுத்துப் பார்க்க என்ன அமைப்பு? எங்கெங்கே சறுக்கும்?
– ரேடியாலஜி முதுகலை மாணவர், கோவை

மல்டி-எக்கோ கிரேடியன்ட் எக்கோ போதும்; தேயும் சிக்னலை (எக்கோவை) அடுத்தடுத்துப் பலமுறை பிடிக்கும் முறை அது. எட்டிலிருந்து பன்னிரண்டு எக்கோ. முதல் எக்கோ 5 மில்லிநொடிக்குள், கடைசி 40-ஐ ஒட்டி. 3 டெஸ்லாவில் கொழுப்பும் நீரும் சுமார் 2.3 மில்லிநொடிக்கு ஒருமுறை ஒரே கட்டத்துக்கு (ஒரே தாளத்துக்கு) வரும். எக்கோக்களை அதன் மடங்குகளில் வைத்தால் கொழுப்பால் வரும் அலைவு குறையும். ஸ்லைஸ் (படத்தின் ஒரு சீவல்) தடிமன் 5 மி.மீ., கரோனல் வாட்டத்தில், அதாவது உடம்பை முன்–பின்னாகப் பிரிக்கும் வாட்டத்தில், நான்கைந்து ஸ்லைஸ். மூச்சை வெளியே விட்டபின் 15 நொடி அளவுக்கு நிறுத்தச் சொல்லுங்கள். உள்ளிழுத்து நிறுத்தினால் சிறுநீரகம் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கும். நோயாளிக்கு மூச்சிறைப்பு இருந்தால் ஒரு மூச்சுக்கு ஒரு ஸ்லைஸ்.

கணக்கு எளிது. ஆர்2 ஸ்டார் 20 உள்ள புள்ளியில் 40-வது மில்லிநொடியில் சிக்னல் 45 சதவீதம் மிஞ்சும். 30 உள்ள புள்ளியில் 30 சதவீதம்தான். ஆரோக்கியமானவர்களிடம் 3 டெஸ்லாவில் கார்டெக்ஸ் 20-ஐ ஒட்டியும் மெடுல்லா 30-ஐ ஒட்டியும் வரும். 1.5 டெஸ்லா எண்களோடு ஒப்பிடாதீர்கள். அவை குறைவாகவே இருக்கும்.

சறுக்கும் இடங்களில் முதலாவது குடல் வாயு. சிறுநீரக ஓரத்தை ஒட்டிப் பெருங்குடலில் காற்று நின்றால், அந்த ஓரம் முழுக்க ஆர்2 ஸ்டார் பொய்யாக ஏறும். காந்தப்புலத்தைச் சீராக்கும் ஷிம்மிங்கைச் சிறுநீரகத்தின் மீதே வைத்துச் செய்யுங்கள். இரண்டாவது தண்ணீரும் உப்பும். நிறையத் தண்ணீர் குடித்தால் இளைஞர்களிடம் மெடுல்லா எண் இறங்குகிறது. உப்புக் குறைத்துச் சாப்பிட்டாலும் இறங்குகிறது. எல்லோருக்கும் ஒரே பட்டினி நேரம், ஒரே தண்ணீர் அளவு என்று வைக்காத ஆய்வைப் படிப்பதே வீண். மூன்றாவது இரும்பு. ஃபெருமாக்சிட்டால் எனும் இரும்பு ஊசி போட்டவருக்கு மாதக்கணக்கில்கூடப் படம் மாறலாம். செயற்கை இதய வால்வால் ரத்த அணுக்கள் உடைகிறவருக்குக் கார்டெக்ஸிலேயே இரும்பு படிந்து கறுத்துத் தெரியும். அது ஆக்சிஜன் பற்றாக்குறை அல்ல. ஹீமோகுளோபின் அளவையும் அன்றே குறித்து வையுங்கள்.

கடைசியாக, எந்தப் பகுதியின் எண்ணை எடுப்பது என்று படத்தில் கோடு போடும் பிரச்சினை. பாதித்த சிறுநீரகத்தில் கார்டெக்ஸுக்கும் மெடுல்லாவுக்கும் இடையிலான எல்லை மங்கிவிடும். கையால் வட்டம் போட்டால் போடுகிறவர் மனசுப்படிதான் எண் வரும். சுவிட்சர்லாந்தின் லோசான் குழு சிறுநீரகத்தை வெளியிலிருந்து உள்ளே சம தடிமனுள்ள 12 அடுக்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சராசரி எடுக்கிறது. அதுவே மேல்.

? பாதிப்பு கூடினால் ஆர்2 ஸ்டார் எண்ணும் கூட வேண்டுமல்லவா? கிரியாட்டினின் 5 இருந்த நோயாளிக்கு மெடுல்லா எண் குறைவாக வந்தது. தேறுகிறார் என்று கொள்ளலாமா?
– மருத்துவர், சேலம்

கூடாது. சிறுநீரகம் வடிகட்டுவதை நிறுத்தினால் இழுப்பதற்கு உப்பும் இல்லை; ஆக்சிஜன் செலவு விழுந்துவிடும், எண் இறங்கும். கடை அடைத்திருக்கும்போது மின்கட்டணம் குறைவாக வந்தால் வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று சொல்வோமா? திசு வீக்கமும் எண்ணை இறக்கும். மாற்றுச் சிறுநீரகத்தில் திடீர் நிராகரிப்பின்போதும் மெடுல்லா எண் குறைவாகவே பதிவாகியிருக்கிறது. மாறாக, ரத்தம் தேங்கி அடைத்தால் எண் ஏறும்.

ஆகவே ஒற்றைப் படத்தை நம்பாமல் ஃபுரோசமைட் (சிறுநீரைப் பெருக்கும் மருந்து) சோதனையைச் சேருங்கள். 20 மி.கி. நரம்பில் கொடுத்து, 15 நிமிடம் கழித்து அதே ஸ்லைஸ்களை மறுபடி எடுக்க வேண்டும். உப்பு இழுக்கும் பம்பு ஓடிக்கொண்டிருந்தால் மருந்து அதை நிறுத்தும், ஆக்சிஜன் மிஞ்சும், மெடுல்லா எண் தெளிவாக இறங்கும். அசையவே இல்லையென்றால், முதல் எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே வேலை நடக்கவில்லை, அல்லது மருந்து அங்கே போய்ச் சேரவில்லை. நீர் வற்றிய நிலையில் இருப்பவருக்கு இந்தச் சோதனை வேண்டாம்.

? என் கணவருக்குச் சிறுநீரகப் பாதிப்பு. ஸ்கேன் சென்டரில் இந்தப் போல்ட் படத்தைக் கேட்டு வாங்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

வேண்டாம், இது இன்னும் ஆராய்ச்சிக் கருவிதான். நாள்பட்ட பாதிப்பில், கார்டெக்ஸில் ஆக்சிஜன் குறைந்தவர்களுக்குச் செயல்பாடு வேகமாகச் சரிகிறது என்று 2018-ல் வந்த சுவிஸ் ஆய்வு காட்டியது. ஆனால் இந்த எண்ணுக்கு இந்த மருந்து என்ற நிலை வரவில்லை. கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், அல்ட்ராசவுண்ட், தினமும் எவ்வளவு சிறுநீர் போகிறது என்ற அளவு, இவற்றை வைத்தே டாக்டர் முடிவெடுப்பார். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை மட்டும் வாங்கித் தராதீர்கள். டைக்ளோஃபெனாக் போன்றவை மெடுல்லாவுக்குப் போகும் கொஞ்ச ரத்தத்தையும் குறைத்துவிடும்.